நூலகச் சுவரில் யார் படம்?

தீவகத்து மக்கள் எதைக் கேட்டாலும் அவர்களுக்குக் கிடைக்கும் விடை ஒன்றே. "முதலில் குடிதண்ணீர் வரட்டும், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்" என்பர். குடிதண்ணீரைக் கேட்டால், "முதலில் வீதி" என்பர். வீதியைக் கேட்டால், "முதலில் படகு" என்பர். இவ்வாறு ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்து, ஈற்றில் அனைத்தையும் மறுத்துவிடுவதே தீவகத்தின்பால் ஆட்சிபீடங்கள் கையாண்டுவந்த முறையாகும். கொழும்பு அம்முறையைக் கையாளும்போது கொதித்தெழும் நாம், நம்மவரே அதனைக் கையாளும்போது வாய்மூடி இருப்பது நீதியாகுமா?

இன்று நாம் முன்வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. தீவகத்தின் பொது நூலகங்களிலும் சனசமூக நிலைய வாசிகசாலைகளிலும் ஒரு சுவரை, ஒரேயொரு சுவரை, அவ்வத் தீவில் வளர்ந்துவரும் கலைஞருக்கென ஒதுக்கிவைக்கவேண்டும். ஓவியம், சிற்பம், புகைப்படம், பனையோலைக் கைவினை என எதுவாயினும், ஊரிற் பிறந்த கலைஞனின் ஆக்கம் ஊரவர் கண்முன் உரிய மதிப்போடு காட்சிக்கு வைக்கப்படவேண்டும். இதனைத் தயவாக நாம் கேட்கவில்லை; உரிமையாகவே கேட்கிறோம். அந்தச் சுவர் மக்கள் பணத்தால் எழுந்த சுவர்.

"வயிறு காயும் ஊருக்குச் சித்திரம் ஒரு கேடா?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: இக்கோரிக்கையால் ஒரு கிணறும் தூர்ந்துபோகாது, ஒரு படகும் நின்றுபோகாது. சுவர் ஏற்கனவே இருக்கிறது. நாம் கேட்பது, அதில் இப்போது யார் படம் தொங்குகிறது என்பதை ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்பதே.

ஈர்நாட் கலைத்தொண்டு

நமது வாசிகசாலைகளிற் பலவற்றின் சுவர்களைப் பார்மின்! கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர் படம், அடிக்கல் நாட்டியவர் பெயர் பொறித்த கல், திறந்துவைத்தவர் படம், திறந்துவைத்தவருக்குப் பொன்னாடை போர்த்தியவர் படம். கொடையாளரை மறக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. நன்றி மறப்பது நமது மரபன்று. ஆனால், கொடுத்தவரின் முகம் மட்டுமே சுவரை நிறைத்துவிட்டால், கொடையின் பயனைப் பெறவேண்டிய பிள்ளையின் முகத்துக்கு எங்கே இடம்?

கண்காட்சியே நடப்பதில்லை என்றும் நாம் கூறமாட்டோம். ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. அப்பொழுது பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரங்கள் சேர்க்கப்படுகின்றன, கயிறு கட்டப்படுகிறது, குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, நாடா வெட்டப்படுகிறது, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் குறைவின்றி நடைபெறுகின்றன. மூன்றாம் நாள் கயிறு அவிழ்க்கப்படுகிறது. வரைந்த பிள்ளைக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கலாம். அப்பிள்ளை வரைந்த படம் எங்கே போயிற்று என்று நூலகத்தைக் கேட்டால், விடை கூற ஒரு பதிவேடு உண்டா? நூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்றுக்கு வரவெண்ணும் வகுப்பெண்ணும் இட்டுப் பேரேட்டிற் பதியும் நூலகம், உலகில் வேறெங்கும் மறுபிரதியில்லாத ஓர் ஓவியத்தை எண்ணுமின்றிப் பெயருமின்றி வழியனுப்பிவிடுகிறது. இதற்கு நாம் சூட்டக்கூடிய பெயர் விழா என்பதே, கலைத்தொண்டு என்பதன்று.

நமக்குப் புதிதன்று

நூல்நிலையத்துக்கும் ஓவியத்துக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோர் நமது சொந்த வரலாற்றை அறியாதார். 1933இல் கே. எம். செல்லப்பா என்னும் பெரியார் தமது வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. அதற்கு ஐந்தாண்டுகளின் பின், 1938இல், எஸ். ஆர். கனகசபை அவர்கள் வின்சர் ஓவியக் கழகத்தைத் தோற்றுவித்தார். இலங்கையின் சித்திரக் கல்விப் பரிசோதகராயிருந்த வின்சரின் பெயரால் அமைந்த அக்கழகமே யாழ்ப்பாணத்தில் நவீன ஓவியத்துக்குக் கால்கோள் செய்தது. பின்னர் ஓவியர் அ. மாற்கு அவர்கள், விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் வாயிலாக ஓர் இளந்தலைமுறையையே பயிற்றி ஆளாக்கினார். ஆக, புத்தகமும் தூரிகையும் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே வகை மனிதரின் உழைப்பால் வளர்ந்தவை. இருதிறத்தாரும் அரசின் ஆணைக்குக் காத்திராது, தம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் தொடங்கியவர்கள்.

1981 மே 31ஆந் திகதி இரவு வைத்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆனால், 1995இன் பெரும் இடப்பெயர்வில் ஓவியர் மாற்கு தம் வாழ்நாள் உழைப்பான ஓவியங்களிற் பெரும்பகுதியை இழந்தாரே, அதனை நம்மில் எத்தனை பேர் நினைவுகூருகிறோம்? எரிந்த நூல்களிற் பலவற்றுக்கு உலகின் எங்கேனும் ஒரு மூலையில் வேறொரு பிரதி கிடைக்கலாம். மாற்குவின் ஓவியத்துக்கு மறுபிரதி ஏது? 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் வரைந்தவை யாவை, அவற்றுள் எஞ்சியவை யாவை என்று கணக்கெடுக்க ஊர்தோறும் ஒரு பொது ஏடு இருந்திருந்தால், இழப்பின் அளவையேனும் இன்று நாம் அறிந்திருப்போம்.

மீளக் கட்டியெழுப்பப்பட்ட அதே யாழ்ப்பாணப் பொது நூலகத்திலேதான் 2004இல் 'அகம் புறம்' என்னும் கலைக்காட்சி நடைபெற்றது. வடக்கிலும் தெற்கிலுமிருந்து கலைஞர் வந்து பங்குகொண்டனர். ஓவியர் தா. சனாதனன் அவர்கள் வீடு வீடாகச் சேகரித்த பொருள்களைக் கொண்டு அமைத்த படைப்பும் அங்கே வைக்கப்பட்டது. போரினூடே மக்கள் கைவிடாது காத்துவந்த சின்னஞ்சிறு பொருள்களே அங்கு வரலாறாயின. அதே கலைஞர் 2011இல் ஒரு நூலை வெளியிட்டார். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் அமைப்பைத் தம் நினைவிலிருந்து தம் கையாலேயே கீறிக்காட்டிய படங்களைக் கொண்ட அந்நூலுக்கு, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படப் பெயரிட்டார். தோம்பு என்றால் என்னவென்று நமது கமக்காரருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலந்தொட்டு நிலம் யாருடையது என்பதற்குச் சான்று தோம்பு. உறுதி எரிந்துபோனவனுக்கும், காணி பறிபோனவனுக்கும், அவன் கீறிய கோடே உறுதியாகிறது. கலை என்பது செல்வரின் வரவேற்பறை அலங்காரம் என்று எண்ணியிருப்போர் இந்த ஒரு சான்றையேனும் சிந்தித்துப் பார்க்கட்டும்.

கடல் நடுவே ஒரு கலைஞன்

யாழ்ப்பாண நகரில் இவ்வளவும் நடந்தது. தீவகத்துக்கு அதில் எவ்வளவு வந்துசேர்ந்தது?

நெடுந்தீவில் ஒரு மாணவி சித்திரம் பயில்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஓவியமொன்றை நேரிற் காண அவள் விரும்பினால், குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் பயணஞ்செய்யவேண்டும். அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து பேருந்தில் நகரை அடையவேண்டும். மாலைப் படகு தவறினால் அன்று வீடு திரும்புதல் இயலாது. சோளகம் பெயர்ந்தாலோ படகே ஓடாது. பெண்பிள்ளையை இப்பயணத்துக்கு எந்தத் தாய் மாதந்தோறும் அனுப்புவாள்? கலைஞன் காட்சியைத் தேடிப் போகட்டும் என்பது நகரத்தார் கூறக்கூடிய வாதம். தீவகத்தாருக்குக் காட்சியே படகேறி வரவேண்டும். அல்லது ஊரிலேயே பிறக்கவேண்டும்.

தீவகம் அறிவாளரைப் பெறாத மலட்டு மண்ணன்று. தமிழை உலகப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் நிறுத்திய தனிநாயகம் அடிகளார் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே பிறந்தவர். மு. தளையசிங்கமும் சு. வில்வரத்தினமும் புங்குடுதீவு தந்த செல்வங்கள். ஆயினும் இவர்கள் எல்லோரும் சொல்லின் வழியே சென்றவர்கள் என்பதைக் கவனியுங்கள். சொல்லுக்கு அச்சகம் உண்டு, அஞ்சல் உண்டு. ஒரு கவிதை புங்குடுதீவில் எழுதப்பட்டுச் சென்னையில் வாசிக்கப்படலாம். ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் அந்த வாய்ப்பில்லை. அவற்றுக்கு வேண்டியது இடம்; காண்போர் நிற்பதற்கு ஒரு தரை; மாட்டுவதற்கு ஒரு சுவர். தீவகத்தின் கவிஞர்களை நாம் அறிந்ததும், தீவகத்தின் ஓவியர்களை அறியாததும் திறமையின் ஏற்றத்தாழ்வால் அன்று. சுவரின்மையால் என்பதே நமது கருத்து.

வரைவதற்குப் பொருள் இல்லையா? நெடுந்தீவின் கல்வேலிகளும் கட்டாக்காலிக் குதிரைகளும் உண்டு. நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குக் கடல் நிறைய வரும் படகுகள் உண்டு. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தின் பழைய பண்டகசாலைகளும், கடலின் நடுவே நிற்கும் கோட்டையும் உண்டு. அவை மட்டுமா? 1985 மே 15ஆந் திகதி குமுதினிப் படகில் வெட்டுண்டு மடிந்தவர்களின் நினைவு உண்டு. 1990ஐயும் அதன் பின்னான ஆண்டுகளையும் தொடர்ந்து ஆளொழிந்து கூரை வீழ்ந்த வீடுகள் உண்டு. அவற்றின் நடுவீட்டில் வேர்விட்ட ஆலும் அரசும் உண்டு. இவற்றையெல்லாம் வெளியிலிருந்து வருவோர் புகைப்படக் கருவியிற் பதிந்து செல்கிறார்கள். உள்ளேயிருந்து பார்க்கும் கண் ஒன்றும் உண்டல்லவா? அக்கண் கண்டதை ஊர் காணவேண்டாமா?

ஹார்லெம் கற்பிக்கும் பாடம்

ஒடுக்கப்பட்ட இனமொன்று தன் நூலகச் சுவரால் நிமிர்ந்த வரலாறு உலகில் உண்டு. நியூயோர்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில் 135ஆம் வீதியிலுள்ள கிளை நூலகம் அது. தென் மாநிலங்களின் கொடுமைக்கு அஞ்சி வடக்கே குடிபெயர்ந்த கறுப்பின மக்கள் நிறைந்த பகுதி அது. பெருங்கலைக்கூடங்கள் கறுப்பினக் கலைஞரை ஏறெடுத்தும் பாராத காலத்தில், 1921இல், அந்நூலகம் அவர்களுடைய ஓவியங்களையும் சிற்பங்களையும் காட்சிக்கு வைத்தது. 1926இல், ஆர்துரோ ஷொம்பேர்க் என்பார் தேடித் திரட்டிய கறுப்பின வரலாற்று நூல்களும் ஏடுகளும் அதே நூலகத்தைச் சேர்ந்தன. 1934இல் ஆரன் டக்ளஸ் என்னும் ஓவியர் தம் இனத்தின் வரலாற்றை அந்நூலகத்துக்கென்றே பெரும் ஓவியங்களாகத் தீட்டிக் கொடுத்தார்.

அந்நூலகத்தில் ஓர் ஏழை இளைஞன் நாள்தோறும் வந்திருந்து வாசித்தான். ஜேக்கப் லோரன்ஸ் என்பது அவன் பெயர். தன் மக்கள் தெற்கிலிருந்து வடக்குக்கு இடம்பெயர்ந்த கதையை அங்கு கற்று, 60 ஓவியங்களாகத் தீட்டி 1941இல் முடித்தான். அப்பொழுது அவனுக்கு வயது 23. மறு ஆண்டில் அமெரிக்காவின் இரு பெருங்கலைக்கூடங்கள் அவற்றை ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொண்டன. இடப்பெயர்வின் கதையை உலகுக்குக் கூறிய அவ்வோவியங்களின் தாய்வீடு, கோடீசுவரர் கட்டிய கலைக்கூடமன்று; ஏழைகள் நடமாடிய ஒரு கிளை நூலகம். இடப்பெயர்வின் துயரை நாம் ஹார்லெமுக்குக் குறைவாகவா அனுபவித்தோம்?

சட்டம் என்ன சொல்கிறது?

"இது சபையின் வேலையன்று" என்று தட்டிக்கழிக்க முயல்வோர் சட்டத்தை எடுத்துப் படிக்கட்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் என்பவற்றோடு நின்றுவிடவில்லை. மக்களின் வசதியையும் நலத்தையும் எல்லா வாழ்வசதிகளையும் பாதுகாத்து மேம்படுத்தும் பொறுப்பையும் அது சபையின் தலையிலேயே சுமத்துகிறது. நூலகம் மக்கள் நலமாயின், நூலகச் சுவரும் மக்கள் நலமே.

மற்றொன்று: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஓவியத்தைப் பொதுமக்களுக்குக் காட்சிப்படுத்தும் உரிமை அதனை ஆக்கியவனுக்கு உரியது. தன் ஆக்கத்தின்மீது தன் பெயர் இருக்கவேண்டும் என்று கோருவதும், அதனைச் சிதைப்பதைத் தடுப்பதும் அவனது தார்மிக உரிமைகள். எனவே, பிள்ளையின் சித்திரத்தைப் பெயரின்றித் தொங்கவிடுவதும், ஊர்க் கலைஞனின் படத்தை அவனைக் கேளாமல் விழா மலரின் அட்டையில் அச்சிடுவதும் வெறும் மரியாதைக் குறைவு மட்டுமல்ல, உரிமை மீறலுமாகும். கலைஞன் கையேந்தி நிற்பவனல்லன், உரித்தாளன். காணி உரித்துக்காக மூன்று தலைமுறை வழக்காடும் நமது மக்கள், இந்த உரித்தை மட்டும் அறியாதிருப்பது விந்தையிலும் விந்தை!

நமக்குள்ளே சில கேள்விகள்

"கலைஞர் எங்கே இருக்கிறார்கள், காட்டுங்கள்" என்று சிலர் கேட்பர். கோயில் வாகனத்துக்கு வர்ணம் தீட்டுபவர் யார்? தேர்ச்சீலை எழுதுபவர் யார்? கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும் இளைஞன் யார்? பனையோலையிற் பின்னும் பெண் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றுவிட்டு ஊரில் வேலையின்றி இருக்கும் பட்டதாரி யார்? சுவர் இருந்தால் இவர்கள் வெளிப்படுவர். மேடையில்லா ஊரில் நடிகனைத் தேடுவது பேதைமை.

"பணம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. கடல் கடந்து வாழும் நம் மக்கள் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊருக்கு அனுப்பும் பணத்தால் கோபுரங்கள் உயர்கின்றன. திருவிழாக்கள் ஆண்டுக்காண்டு பெருகுகின்றன. கோயிலுக்குக் கொடுப்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால், வாணவேடிக்கைக்குச் செலவாகும் ஓர் இரவின் பணம், ஒரு வாசிகசாலைச் சுவருக்கு ஓராண்டுக்குப் போதும் என்பதை ஊர்ச் சங்கங்கள் எண்ணிப்பார்க்கட்டும். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலக வரியும் சேர்த்து அறவிடப்படுகிறது. நமது சபைகளோ புதிய வரி எதுவும் விதிக்கவேண்டியதில்லை. அறவிடும் சோலைவரியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினாலே அமையும்.

மூன்றாவது கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, மனத்துள்ளே கேட்பர். "யாருடைய பிள்ளையின் படம்? எந்தக் குறிச்சிப் பிள்ளை?" இக்கேள்விக்கு நமது விடையைத் திட்டவட்டமாகக் கூறிவிடுகிறோம். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது 1957இல். அதன் பின்னும் சாதியைப் பார்த்துச் சுவரை ஒதுக்குவோமாயின், அச்சுவரை இடித்துவிடுவதே மேல். அவ்வாறே, நமது புகழை மட்டும் பாடும் படங்களே தொங்கவேண்டும் என்பாரையும் நாம் எதிர்ப்போம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் துயரை ஒரு பிள்ளை வரைந்தால், அதற்கும் அச்சுவரில் இடம் உண்டு. நமக்கு உவப்பானதை மட்டும் தாங்கும் சுவர் விளம்பரப் பலகையேயன்றி நூலகச் சுவராகாது.

செய்யவேண்டியவை

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிவுற்றபின், ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றியே அவை இயங்கின. 2025 மே 6ஆந் திகதித் தேர்தலின்பின் சபைகள் மீண்டும் மக்கள் கைக்கு வந்துள்ளன. "அதிகாரியிடம் கேளுங்கள்" என்று கூறித் தப்பிக்கொள்ள உறுப்பினருக்கு இனி வழியில்லை. ஆகவே வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய நான்கு பிரதேச சபைகளின் முன்னும் நாம் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பொது நூலகத்திலும் ஒரு சுவர் தீர்மானத்தின் மூலம் ஒதுக்கப்படவேண்டும். அச்சுவரில் அரசியல்வாதியின் படமோ கொடையாளரின் படமோ ஒருபோதும் இடம்பெறலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு காட்சியும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் நிலைத்திருக்கவேண்டும். பின்னர் அது படகேறி அடுத்த தீவுக்குச் செல்லவேண்டும். நயினாதீவிற் கண்டதை அனலைதீவும் எழுவைதீவும் காணட்டும். மூன்றாவது, படைப்புகளைத் தெரியும் குழுவில் ஓர் ஓவியர், ஒரு சித்திர ஆசிரியர், நூலகர், வாசகர் ஒருவர் ஆகியோர் இருக்கட்டும். சபை உறுப்பினர் எவரும் வேண்டாம். நான்காவது, ஒவ்வொரு படைப்பும் ஆக்கியவர் பெயரோடும் ஆண்டோடும் ஏட்டிற் பதியப்பட்டு, புகைப்படமாகவும் காக்கப்படவேண்டும். ஐந்தாவது, ஆண்டுக்கு ஒரு படைப்பையேனும் நூலகம் விலைகொடுத்து வாங்கவேண்டும். பொன்னாடை எவர் வீட்டு அடுப்பையும் எரிப்பதில்லை.

கமக்காரப் பெருமக்களே! சோலைவரி செலுத்துவோர் நீங்கள். வாசிகசாலைக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் உங்கள் தந்தையர். வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் உங்கள் வட்டாரத்து உறுப்பினரைக் கண்டு, "சுவருக்கு எவ்வளவு ஒதுக்கினாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே! உங்கள் பிள்ளைகள் நகரத்தில் எல்லாவற்றையும் காண்கிறார்கள். உங்களை ஆளாக்கிய தீவில் எஞ்சியிருக்கும் பிள்ளைக்கும் கண் உண்டு என்பதை மறவாதீர்கள். ஒரு சட்டத்துக்கும் ஒரு கண்ணாடிக்கும் உங்கள் ஒரு நாள் ஊதியம் போதும்.

ஆட்கள் குறைந்துபோன தீவுகள் இவை. போனவர்கள் திரும்பிவர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். போகாமல் நிற்பவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? தன் ஊர்ச் சுவரில் தன் பெயரைக் கண்ட பிள்ளை அவ்வூரை எளிதில் விட்டுப் போகமாட்டாள், போனாலும் மறக்கமாட்டாள். நூலகக் கதவு காலையில் திறக்கும்போது, சுவரில் அவள் படம் இருக்கவேண்டும். அதனைச் செய்யும் அதிகாரம் சபைகளிடம் உண்டு. செய்விக்கும் வாக்கு மக்களிடம் உண்டு.